எங்கள் சந்தின் பெயரில் ஓடியவர்

"ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் ஒருத்தி எதுக்குடி ஓடணும்?"

அம்மா இதைக் கேட்டபோது நான் கடையில் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் தலையைக் குனிந்துகொள்வது பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம். அதையே செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லத் தெரியாது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

அம்மா சொன்ன அந்த ஒருத்தியின் பெயர் நஃபூலா. எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவர் 'நா'. எனக்கு நா அக்கா. கென்யாவின் மேற்கே, கரும்பு விளையும் ஒரு ஊரிலிருந்து இயந்திரப் படிப்புக்காகச் சீனாவில் எங்கள் ஊரான சோங்சிங்குக்கு வந்தவர். படிப்பு முடிந்து கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "பெட்டி கட்ட சோம்பேறித்தனம்" என்பார்.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் செய்யும் மோட்டார் சைக்கிள்கள் கப்பலேறி அவர் நாட்டுக்குப் போகின்றன. அவற்றை அனுப்பும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. "இங்க வண்டி செய்யுறவன் ரெண்டு பேரு உக்காருவாங்கன்னு நெனச்சு ஸ்பிரிங் போடுறான். எங்க ஊருல அதுல மூணு பேரு, ஒரு கட்டிலு, ஒரு ஆடு ஏறும். ஆட்டை நான்தான் ஞாபகப்படுத்தணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலங்களில் அவருடைய ஜன்னலிலிருந்து ஃபோனில் அவர் மொழியில் யாரையோ திட்டுவது கேட்கும். வண்டி வாங்கிய வியாபாரிகள். திட்டி முடித்ததும் சிரிப்பும் கேட்கும்.

எங்கள் சந்தின் பெயர் யென்காங். சந்து என்றால் சமதரையில் போகிற சந்து இல்லை. மேலே ரோடு, கீழே ஆறு, நடுவில் செங்குத்தாகப் படிகள், படிகளின் இரண்டு பக்கமும் நாங்கள். எங்கள் நூடுல்ஸ் கடை படிகளின் பாதியில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கிற இடம் அது. அந்த மூச்சுதான் எங்கள் வியாபாரம்.

ஊர் மாறுகிற வேகத்தை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் தொடக்கப் பள்ளிக்கு நடந்த வழி இப்போது இல்லை. அந்தப் பள்ளியும் இல்லை. அம்மாவின் கடையே மூன்று இடம் மாறியிருக்கிறது. நா அக்கா ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, மேலே ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பாலத்தின் தூண் நின்றது. பெட்டியோடு கடைக்கு வந்து உட்கார்ந்து, "ஒரு மாசம் கண்ணை மூடக் கூடாதா உங்க ஊருல?" என்று அம்மாவிடம் சண்டை போட்டார், பஸ்ஸை அம்மாதான் தூக்கிக்கொண்டு போனது மாதிரி.

தினமும் காலையில் அவர் ஓடுவார். படியில் இறங்கி, ஆற்றங்கரையில் தூண்டில்காரர்கள் வரை போய், திரும்பிப் படியேறி ரோடு வரை. ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். இறங்கும்போது முழங்காலுக்குப் பயந்து நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். ஏறும்போது, காய்கறிக் கூடையோடு ஏறும் பெண்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். அவருக்கு அதில் கவலையே இல்லை. ஓடிக்கொண்டே இரண்டு பக்கமும் பார்ப்பார். எந்த வீட்டுச் சுவர் இடிந்திருக்கிறது, எந்தக் கடைக்குப் புதுப் பலகை வந்திருக்கிறது, எந்த மரத்தை வெட்டினார்கள். நேற்று இருந்ததெல்லாம் இன்றைக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற வேலையை அவரிடம் யாரோ ஒப்படைத்தது போல. எண்ணி முடித்ததும் எங்கள் கடையில் மிளகாய் நூடுல்ஸ். நாக்கு மரத்துப்போகிற அளவுக்கு எங்கள் ஊர் மிளகு வேண்டும். இல்லையென்றால், "என்ன, இன்னிக்கு என்னை டூரிஸ்ட்டுன்னு நெனச்சீங்களா?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சோள மாவுக் களி கிண்டி எங்களுக்கு ஒரு தட்டு அனுப்புவார். அம்மா அதன் மேல் மிளகாய் எண்ணெயை ஊற்றிச் சாப்பிடுவாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சந்துக்குள் யாரும் அவரை வேடிக்கை பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள்தான். ஒரு நாள் பெயின்ட் அடிக்க வந்த ஆள் அவர் ஓடி வருவதைப் பார்த்து, "டேய், வெளிநாட்டுக்காரிடா," என்று கூட இருந்தவனிடம் சொன்னான். அக்கா நின்றார். அவரை யாராவது நிற்கவைத்தால் அவருக்குச் சந்தோஷம்தான், மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"நீ எந்த ஊருப்பா?"

"வான்சோ."

"இங்க எப்ப வந்த?"

"போன மாசம்."

"அப்ப உன்னைத்தான் நான் வேடிக்கை பார்க்கணும். டப்பாவைக் கொஞ்சம் நகத்து. வழியில வெச்சிருக்க."

அவன் நகர்த்தினான். சோங்சிங் பேச்சில், எங்கள் இழுவையோடு, அவ்வளவு சுத்தமாக அதட்டினால் யார்தான் நகர்த்தமாட்டார்கள்.

நான் அவரோடு ஓட ஆரம்பித்தது கல்லூரி நுழைவுத் தேர்வு முடிவு வந்த கோடையில். என் மதிப்பெண்ணுக்கு உருப்படியான இடம் எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் உட்கார்ந்து படித்துத் திரும்ப எழுது என்றாள் அம்மா. உட்காருவது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கால் துடித்தது. அக்கா ஓடுவதைப் பார்த்துக் கூடவே கிளம்பிவிட்டேன். முதல் நாளே அவரைத் தாண்டிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அவருக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் மற்றவர்கள் நம்ப மறுத்த ஒன்று எனக்கு முன்னமே தெரியும். நா அக்கா மெதுவாகத்தான் ஓடுவார். அவரால் முடிந்த வேகமே அதுதான்.

படிகளின் உச்சியில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேக மாடம் என்று பெயர் வைத்து ஒரு உயரமான குடியிருப்பைக் கட்டினார்கள். வீடுகள் விற்கவேண்டுமே. அதற்காக அந்தக் கம்பெனி ஒரு படியேறும் பந்தயம் அறிவித்தது. மலைச்சரிவில் இருக்கும் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஆள், ஆற்றுத் துறையிலிருந்து மேக மாடத்தின் வாசல் வரை. ஜெயிக்கிற சந்தில் வீட்டுக்கு ஒரு டின் கடுகெண்ணெய்.

எண்ணெய் என்றதும் சந்து விழித்துக்கொண்டது. எங்கள் சந்துக் குழுவின் தலைவி துவான் அத்தை. மேல்கையில் கட்டிய சிவப்புப் பட்டையோடு, யார் எந்தக் குப்பையை எந்த வாளியில் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பவர். நா அக்கா குடியிருப்பது அவருடைய மாடியில்தான். அத்தை ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் கடைக்கு வந்து அக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"நா, நம்ம சந்துக்கு நீதான் ஓடணும்."

"அத்தை, நான் மெதுவா ஓடுவேன்."

அத்தை சிரித்தார். "கென்யாக்காரி மெதுவா ஓடுவாளாம். டிவில நாங்க பார்க்கிறதில்லையா? எந்த ஊரு பந்தயமானாலும் உங்க ஆளுங்கதானே முதல்ல வர்றாங்க."

"அவங்க வேற பக்கத்து மலைக்காரங்க அத்தை. எங்க பக்கம் கரும்பைக் கடிச்சுக்கிட்டு காளைச் சண்டை பார்க்கிறவங்க. எங்க வம்சத்துல பஸ்ஸைப் பிடிக்கக்கூட யாரும் ஓடினதில்ல."

"எவ்வளவு அடக்கமா பேசுறா பாரு," என்றார் அத்தை என் அம்மாவிடம்.

இங்கேதான் வினை. எங்கள் ஊரில் எதையும் முதல் தடவையே ஏற்றுக்கொள்ளக் கூடாது. சாப்பிட உட்கார் என்றால், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லவேண்டும். பரிசு கொடுத்தால் இரண்டு தடவை தள்ளவேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்துத் திணிப்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளவேண்டும். உடனே வாங்குகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். நா அக்கா எத்தனையோ வருடமாக இந்த முறையில் யாரும் குறை சொல்லாதபடி நடந்துகொண்டவர். அதுவே இப்போது அவர் காலை வாரியது. வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்டது.

இரண்டாம் தடவை படியில் வைத்து மறுத்தார். மூன்றாம் தடவை அத்தை வீட்டு வாசலிலேயே நின்று, "என்னால முடியாது, நான் ஓட மாட்டேன்," என்று பட்டென்று சொன்னார். அத்தை ஆரஞ்சுப் பையை அவர் கையில் திணித்துவிட்டு வந்து சந்து முழுக்கச் சொன்னார்: "ஒத்துக்கிட்டா."

நான் லியாவ் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பூட்டு பழுது பார்ப்பவர், வாய் நீளம். "மாமா, அக்கா நிஜமாவே மெதுவாதான் ஓடுவாங்க. நான் தினமும் கூட ஓடுறேன்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "வெளியில சொல்லாதேன்னு சொல்லியிருக்காளா? சரி, நானும் சொல்ல மாட்டேன். போட்டிக்கு வர்ற சாலிங் சந்துக்காரனுங்க காதுல விழக் கூடாது."

அக்கா இரண்டு நாள் கடுகடு என்று இருந்தார். பந்தய நாளில் ஊரிலேயே இருக்காமல் எங்காவது போய்விடப் போகிறேன் என்றார். அப்படியே விட்டிருந்தால் போயிருப்பார். போகாமல் செய்தது மேக மாடத்து சியாங் மேலாளர்.

அவர் மத்தியானக் கூட்டம் கலைந்த நேரத்தில் கடைக்கு வந்தார். இளம் வயது, பளபளக்கும் காலணி, படியேறியதில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு சிவப்புப் பட்டு நாடா. அதில் தங்க எழுத்தில் 'வெளிநாட்டு விருந்தினர்' என்று அச்சடித்திருந்தது.

"மேடம், நீங்க கஷ்டப்பட்டு ஓட வேண்டாம். மேல எங்க வாசல்ல நில்லுங்க. ஜெயிச்சவருக்கு மாலை போடுங்க. உங்க நாட்டு உடுப்புல வந்தா இன்னும் நல்லா இருக்கும். போட்டோவுக்கு."

"என் நாட்டு உடுப்பா? இதுதான்," என்று அக்கா தன் கம்பெனிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். அதில் எண்ணெய்க் கறை இருந்தது.

சியாங் சிரித்துவைத்தார். "ஓடுறதுக்கு எப்படியும் விதி ஒத்துவராது. சந்துக்காரங்க மட்டும்தான். நீங்க இந்தச் சந்து ஆள் இல்லையே."

அக்கா கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. கோபம் மாதிரி இல்லை. நம் வீட்டுக் கதவை யாரோ பூட்டுகிற சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

"அப்ப ஓடுறேன்," என்றார்.

பக்கத்து மேஜையில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்த துவான் அத்தை எழுந்து வந்தார். "தம்பி, உங்க நோட்டீஸை நான்தான் சுவத்துல ஒட்டினேன். சந்துல குடியிருக்கிறவங்கன்னு போட்டிருக்கு. இவ எங்க குடியிருக்கா? என் தலைக்கு மேல. ராத்திரி நாற்காலியை இழுக்கிற சத்தம் வேற."

"ஆனா அத்தை, வெளிநாட்டுக்காரங்க..."

"இவ எங்க ஆளு. போன குளிர்ல குழாய் வெடிச்சப்போ ஆத்துலேர்ந்து தண்ணி சுமந்தவ யாரு, நீயா? உன் கட்டடத்துலேர்ந்து ஒரு வாளி வந்துதா?"

சியாங் யோசித்தார். கென்யாக்காரி ஜெயிக்கிற படம் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் என்று அவர் மனதில் ஓடியது எனக்கே தெரிந்தது. "சரி, ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு நாடாவை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் போனதும் அத்தை வெற்றியோடு உட்கார்ந்தார். ஆனால் அக்கா உட்காரவில்லை.

"அத்தை, ஓடுறேன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க எல்லாரும் வந்து ஒரு தடவை பாருங்க. யார் ஓடுறான்னு தெரிஞ்சு அனுப்புங்க."

ஞாயிறு மத்தியானம் சந்தே படிகளில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, திருவிழா மாதிரி. அக்காவும் நானும் துறையிலிருந்து ஒன்றாகக் கிளம்பினோம். "எனக்காக நிக்காதே. நின்னா உன்னோட பேசமாட்டேன்," என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் நிற்காமல் ஓடினேன். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பிக் கடைக்கு இறங்கி வந்து, ஒரு அவித்த முட்டையை உரித்து உப்புத் தொட்டுத் தின்று முடித்தேன். அப்புறம்தான் அக்காவின் தலை கீழ்த் திருப்பத்தில் தெரிந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கையைத் துடுப்பு மாதிரி போட்டுக்கொண்டு, நிற்காமல் வந்துகொண்டிருந்தார்.

விதை கொறிக்கும் சத்தம் நின்றுபோனது.

லியாவ் மாமாதான் முதலில் வாய் திறந்தார். "இன்னிக்கு உடம்பு சரியில்லையோ?"

"நல்லா இருக்கு மாமா. இதுதான் என் ஓட்டம்."

கடைக்குள் கூட்டம் கூடியது. யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். பார்சல் கொடுக்கும் கெங் அண்ணன் எங்கள் சந்துதான், நாள் முழுக்கப் படியேறுகிற கால், அவனை அனுப்பலாம் என்றார் ஒருவர். எண்ணெய் விலை ஏறிக்கிடக்கிறது என்றார் இன்னொருவர். லியாவ் மாமா அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"உனக்காகத்தாம்மா சொல்றேன். அவ்வளவு பேரு முன்னாடி கடைசியா வந்தா உனக்குத்தானே அவமானம்? கேமராவெல்லாம் வருது."

அப்போதுதான் அம்மா என் பக்கம் குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கடை சின்னது. அக்கா காதில் விழுந்திருக்கவேண்டும். அவர் யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்:

"ஓட மாட்டேன்னு மூணு தடவை சொன்னேன். நீங்க யாரும் கேக்கலை. இப்ப ஓடுவேன்னு ஒரே தடவை சொல்றேன். கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி. சந்து பேருல அனுப்ப இஷ்டம் இல்லைன்னா அதை நேரா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அவமானம் எனக்குன்னு சொல்லாதீங்க. என் அவமானத்தை நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் துவான் அத்தையைப் பார்த்தார்கள். அத்தைக்கும் எண்ணெய் வேண்டும். அவர் சட்டியில் எண்ணெய் எவ்வளவு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவர் சிவப்புப் பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார், பிறகு கீழே இறக்கினார்.

"அந்தப் பையன் முகத்துக்கு நேரா 'இவ எங்க ஆளு'ன்னு சொன்னேன்," என்றார். "ஜெயிப்பான்னு நெனச்சுத்தான் சொன்னேன், ஒத்துக்கிறேன். ஆனா வாய் விட்டுச் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா என்ன அர்த்தம்? ஜெயிச்சா எங்க ஆளு, தோத்தா வெளி ஆளு. அந்தப் பையன் சொன்னதை நாமளே உண்மையாக்குறோம். நான் மாட்டேன்."

"எண்ணெய்?" என்றார் லியாவ் மாமா.

"கடையில விக்குது. போய் வாங்கு."

மாமா விடவில்லை. "கெங் என்ன சொல்றான்?"

மூலையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த கெங் அண்ணன் தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு அன்னிக்கு பார்சல் இருக்கு. காசில்லாம நான் படி ஏற மாட்டேன்," என்றார்.

லியாவ் மாமாவும் இன்னும் மூன்று நான்கு பேரும் எழுந்து போனார்கள். மீதிப் பேர் இருந்தோம். அவ்வளவுதான் முடிவு. கை தட்டல் ஒன்றும் இல்லை. அம்மா அக்காவுக்கு இன்னொரு கிண்ணம் வைத்தாள். அக்கா வேண்டாம் என்றார். அம்மா கரண்டியோடு நின்று, "இது அந்த வேண்டாமா, நிஜ வேண்டாமா?" என்று கேட்டாள். "வை," என்றார் அக்கா.

பந்தய நாளில் பனிமூட்டம். மேக மாடத்தின் பாதிக்கு மேல் காணவில்லை. துறையில் ஓட்டக்காரர்களுக்கு முதுகில் கட்டத் துணி கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் சந்தின் பெயர். அக்காவிடம் கொடுத்ததில் 'வெளிநாட்டு நண்பர்' என்று இருந்தது. கொடுத்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மேலேயிருந்து வந்தது என்றாள்.

அக்கா துணியைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளை. துவான் அத்தை குப்பை வாளிகளில் எழுதுகிற தடித்த பேனாவைப் பையிலிருந்து எடுத்து, அக்காவைக் குனியச் சொல்லி, முதுகை மேஜையாக வைத்து 'யென்காங் சந்து' என்று எழுதினார். எழுத்து கோணல். ஆனால் ஆற்றின் அக்கரையிலிருந்து படிக்கலாம்.

விசில் ஊதியதும் மற்றவர்கள் பறந்தார்கள். சாலிங் சந்து அனுப்பிய ஆள் இரண்டு இரண்டு படியாகத் தாவினான். நான் ஓரத்துக் கைப்பிடியை ஒட்டிக் கூட்டத்தோடு ஏறினேன். அக்கா எங்கள் கடை வரை வரும்போது மேலே கொட்டுச் சத்தம் கேட்டது. பந்தயம் முடிந்துவிட்டது. சாலிங் சந்துக்கு எண்ணெய்.

அக்கா கடையைத் தாண்டினார். அதற்கு மேலே படிகள் குறுகலாகும், இன்னும் செங்குத்தாகும். அங்கே சியாங் மேலாளர் இரண்டு பையன்களோடு இறங்கி வந்து வழியில் நின்றார்.

"மேடம், ரொம்பக் களைச்சிட்டீங்க. பக்கத்துல லிஃப்ட் இருக்கு. மேல கூட்டிட்டுப் போறோம். பரிசு கொடுக்கணும், தலைவர்கள் காத்திருக்காங்க."

அக்காவுக்குப் பேச மூச்சில்லை. உள்ளங்கையை மட்டும் காட்டிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனார். சியாங் என்னிடம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. இது அவங்களுக்கே நல்லா இல்லை."

"நீங்க வழியில நிக்கிறீங்க," என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு மேலாளரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் அது.

மேலே, முடிவுக் கோட்டில் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று இருந்தது. கம்பெனி ஆட்கள் அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை. காற்று மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். அக்கா கடைசித் திருப்பத்தில் வரும்போது வளைவு மெல்ல மடங்கி, சரிந்து, படியின் வாயில் மெத்தை மாதிரி விழுந்து கிடந்தது. பணியாட்கள் எண்ணெய் டின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வளைவைப் பார்த்தார். சுற்றிப் போக இடம் இருந்தது. அவர் சுற்றவில்லை. காலை உயரத் தூக்கி அதன் மேலேயே ஏறினார். உள்ளே மிச்சமிருந்த காற்று, மரியாதையான இடத்தில் யாரும் விடக்கூடாத சத்தத்தோடு வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மூச்சு இல்லாததால் அது இருமல் மாதிரி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சத்தம். அப்படியே நடுவில் மிதித்துக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினார்.

ஒலிபெருக்கிக்காரர், "நமது வெளிநாட்டு விருந்தாளியும் உற்சாகமாகக் கலந்துகொண்டு..." என்று ஆரம்பித்தார்.

அக்கா நேராக அவர் முன்னால் போய், முழங்காலில் கையை ஊன்றி நின்றார். நகரவில்லை. பேச்சு வருகிற வரை நின்றார்.

"சந்து பேரு," என்றார்.

"என்ன?"

"எல்லாருக்கும் சந்து பேரு சொன்னீங்க. எனக்கும் சொல்லுங்க."

அவர் சியாங்கைத் தேடினார். சியாங் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி முதுகைக் காட்டினார். அதற்குள் துவான் அத்தையும் அம்மாவும் மற்றவர்களும் மடக்கு நாற்காலிகளைக் கையில் பிடித்தபடி ஏறி வந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். துவான் அத்தை நாற்காலியை விரித்து உட்கார்ந்தே விட்டார், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பது போல.

ஒலிபெருக்கிக்காரர் குனிந்து அந்தக் கோணல் எழுத்தையும், கையிலிருந்த பட்டியலில் பெயரையும் படித்தார். "யென்காங் சந்து. நஃபூலா."

"மைக்ல," என்றாள் அம்மா.

அவர் மைக்கில் சொன்னார். அது சரிவு முழுக்கக் கேட்டது. கீழே துறையில் இருந்தவர்களுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"கடைசியா வந்ததுன்னும் சேர்த்துச் சொல்லுங்க," என்றார் அக்கா. "பொய் வேண்டாம்."

அதையும் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஊருக்குத் தெரிந்தது வேறு. யாரோ ஒருவர் வளைவின் மேல் அக்கா ஏறுவதை மட்டும், அந்தச் சத்தத்தோடு, வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். மேலே 'உலகத்திலேயே மெதுவான கென்யாக்காரி' என்று எழுத்து. லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அக்காவின் கம்பெனியில் பார்த்தார்கள். அவர் ஊரில் வண்டி வாங்குகிற வியாபாரிகள் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார்கள். லியாவ் மாமா வெகுநாள் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. வந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்," என்று நூடுல்ஸுக்குச் சொன்னார்.

வீடியோவுக்குக் கீழே கிண்டல் எழுதிய ஒவ்வொருவருக்கும் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். ஒருவருக்குப் பதில் எழுதுவதற்குள் நூறு பேர் சிரித்திருந்தார்கள். மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போலக் கிளம்பி வந்தார். நான் ஃபோனைக் காட்டினேன்.

"அக்கா, இதை எடுக்கச் சொல்லி எழுதுவோம்."

அவர் வீடியோவை முழுதாகப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். சத்தம் வருகிற இடத்தில் சிரித்தார்.

"எதுக்கு எடுக்கணும்? மெதுவாதான் ஓடினேன். அதுல பொய் இல்லை. ஆனா எந்தச் சந்துன்னு போடலை பாரு. அதுதான் தப்பு," என்று சொல்லிவிட்டு, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு நண்டு மாதிரி இறங்க ஆரம்பித்தார்.

அந்தத் தப்பைத் திருத்தத்தான் இதை எழுதினேன். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம், யாருக்காவது அனுப்பியும் இருக்கலாம். அதை அனுப்பிய அத்தனை பேருக்கும் இதையும் அனுப்புங்கள். சுருக்கவேண்டும் என்றால் எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள், அவர் கடைசியாக வந்ததை மட்டும் மறைக்காதீர்கள். சந்தின் பெயரை விட்டுவிடாதீர்கள்.